முழுதாக அணையும் வரை

என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் ‘பூட்டு’ என்று பெயர். வைத்தவள் நான்தான். என்னைவிட மூன்று மாதம் சின்னவள், அதனால் அவள் இவள் என்றுதான் பேசுவேன். தையல் ஆலைப் பெண்களை ஊர் ஊராகப் போய்ச் சந்தித்து, அவர்கள் படும் பாட்டைக் கேட்டு எழுதி வருவது அவள் வேலை. எழுதியதெல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில். பயணத்தில் தொலைந்தால் யாரும் படித்துவிடக் கூடாது என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டு அதன் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைத்திருந்தாள். ஏழு சொல் நீளத்துக்குக் கடவுச்சொல். அவள் அதை அடித்து முடிப்பதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடுவேன்.

“ஓசிப் பூட்டு என்னத்தக் காப்பாத்தும்?” என்று அண்ணன் சீண்டுவான்.

“பூட்டு நல்ல பூட்டுதான். நான் ஒழுங்கா பூட்டணும், அவ்வளவுதான்” என்பாள். மூடியை மட்டும் சாத்தினால் லேப்டாப் தூங்கும். பூட்டு திறந்தே கிடக்கும். முழுதாக அணைத்தால்தான் பூட்டு விழும். அதனால் லேப்டாப் ஓரத்துச் சின்ன விளக்கு அணையும்வரை நகர மாட்டாள். வழியில் திறக்கவும் மாட்டாள்.

போன வாரம் பஸ்ஸில் லேப்டாப் பையோடு திருட்டுப் போனது. நகல் அலுவலகத்தில் இருந்தது, கவலை அதுவல்ல. ஒரே ஆலையின் பதினோரு பெண்கள் தங்கள் மேற்பார்வையாளனைப் பற்றிச் சொன்னது அதில் பேரோடு இருந்தது. அவன் கண்ணில் பட்டால் பதினோரு பேருக்கும் வேலை போகும்.

திருட்டுப் போனதைக் கேள்விப்பட்டு அவர்களில் மூத்தவள் போன் செய்தாள். “எங்க பேரு வெளிய வந்துடுமாம்மா? நாளைக்கு வேலைக்குப் போலாமா?”

அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். அன்றைக்குப் பஸ் ஏறும் நேரம் பார்த்து அண்ணன் போனில் சண்டை போட்டிருக்கிறான். சண்டை அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. லேப்டாப்பை அணைத்தாளா, சாத்தினாளா என்பது மட்டும் சுத்தமாக இல்லை.

“அணைச்சிருப்ப அண்ணி. சும்மா ஆமான்னு சொல்லிடு” என்று கிசுகிசுத்தேன்.

“தெரியாததச் சொல்லி அவங்கள அந்த ஆலைக்குள்ள அனுப்பச் சொல்றியா?” என்று என்மேல் எரிந்து விழுந்தாள். போனில், “சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன்க்கா” என்றாள். அதை எங்கே போய்க் கண்டுபிடிப்பது என்று எனக்குப் புரியவில்லை.

நேராகப் பஸ் டிப்போவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் ஏறிய பஸ்ஸின் கண்டக்டரைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்குக் கால் கழன்றுவிட்டது. அண்ணியைப் பார்த்ததுமே மனுஷன் பொங்கிவிட்டார்.

“நீங்களா! உங்களால எனக்கு மெமோம்மா! ஒரு காலு ரோட்டுல, ஒரு காலு படியில. காதுல போனு, கையில அந்தப் பொட்டி. ‘இருங்க, இன்னும் அணையல, இன்னும் அணையல’ன்னு நாலு நிமிஷம்! வண்டியே சிரிச்சுது!”

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அணைஞ்சுதாண்ணே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அணையாம? அந்த வெளக்கு போனத என் கண்ணால பாத்துட்டுத்தானே ‘ஏறுங்க தாயே’ன்னு கும்பிட்டேன்!”

டிப்போ நடுவில் நின்று அண்ணி ஓவென்று அழுதாள். என்னாலும் அடக்க முடியவில்லை. கண்டக்டர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“அக்கா, நாளைக்கு எல்லாரும் தைரியமா வேலைக்குப் போங்க. பூட்டிட்டுத்தான் ஏறியிருக்கேன். பாத்தவரு பக்கத்துலயே நிக்கறாரு.”