நொட்டம் சொல்லி வாங்கிய துப்பாக்கி

எங்கள் அர்பாப் தன் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய துப்பாக்கிக்கு விலை சொன்னவன் நான்தான். என்னைப் போய் ஏன் சொல்லச் சொன்னார், சொன்ன பிறகு ஏன் அப்படி முறைத்தார் என்பது வெகு நாள் எனக்கு விளங்கவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஷார்ஜாவில் அர்பாபின், அதாவது முதலாளியின், கட்டுமானச் சாமான் கடையில் நான் ஸ்டோர் கீப்பர். சிமெண்ட், பைப், தண்ணீர் பம்ப் எல்லாம் என் பொறுப்பு. வாடகை குறைவு என்று அஜ்மானில் ஊர்க்காரர் ஒருவரோடு ஒரே ரூமில் இருந்தேன். கல்யாணமான சூட்டோடு விமானம் ஏறியவன். ஊரில் மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்து வருடம் திரும்பாதவனுக்கு லீவு ஏது? இருந்தாலும் கேட்டுவிட்டேன். பாஸ்போர்ட் அர்பாபின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. டிக்கெட்டுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டார். பாதிதான் சேர்ந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே “இருக்கு” என்றேன். பெருநாளன்று அவர் நீட்டிய நோட்டுகளையே, சம்பளம் வருகிறது போதும் என்று மேஜையில் திருப்பி வைத்துவிட்டு வந்தவன் வேறு எப்படிச் சொல்வேன்? வறட்டு ரோஷம். எங்கள் வீட்டு ஆண்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது.

லீவுக்குப் பதில் சொல்லாமல் அர்பாப் வேறொன்று கேட்டார். “நீ பட்டாளத்தில் இருந்தவன்தானே?”

வேலைக்குச் சேரும்போது, கல்லூரியில் மாணவர் படையில் இருந்தேன் என்று பெருமைக்குச் சொல்லிவைத்திருந்தேன். பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்குக்காகச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லவில்லை. ஆனால் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைக் கழற்றி மாட்டத் தெரியும். சில தடவை சுட்டு, தோள்பட்டை வீங்கிப் படுத்திருக்கிறேன். “ஆமா” என்றேன்.

“மலைப்பக்கம் ஒருவரிடம் வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத் துப்பாக்கி இருக்கிறது. மகன் கல்யாணத்துக்கு வாங்கப் போகிறேன். நீ வந்து நியாயமான விலை சொல்.”

ரூமில் ஊர்க்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார். “எதுக்குல முழிக்க? மாடு பிடிக்கப் போறதா நெனைச்சுக்கோ. மொதல்ல நாலு நொட்டம் சொல்லு, பொறவு வெலையச் சொல்லு. அர்பாபுக்கு லாவம் காட்டினேன்னா லீவு தன்னால வரும்லா.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என் அப்பா சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்த்து, பல் பார்த்து, விற்கிறவன் முகம் சுண்டுகிற வரைக்கும் நொட்டமும் குறையும் சொல்லித்தான் விலைக்கே வருவார். நல்ல பொருளைக் கண்டால் கூடுதலாகவே திட்டுவார்.

வெள்ளிக்கிழமை அர்பாபின் லேண்ட்ரோவரில் சரளைக்கல் பாதையில் போனோம். காய்ந்த பேரீச்சமரங்களுக்கு நடுவே கல்வீடு ஒன்று. பக்கத்திலிருந்த கிணற்றில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருந்தது. வீட்டுக்காரக் கிழவர் ஒரு காலத்தில் அந்தப் பட்டாளத்தில் இருந்தவராம். அர்பாப் அவர் நெற்றியில் முத்தமிட்டார். சின்ன வயதில் கோடைக்காலமெல்லாம் இந்த வீட்டில்தான் வளர்ந்ததாக என்னிடம் சொன்னார். காவா என்கிற அரபிக் காப்பியை ஊற்றினார்கள். பேரீச்சம்பழம் வந்தது. பிறகு துப்பாக்கி என் மடிக்கு வந்தது.

போல்ட்டைக் கழற்றி, வெளிச்சம் உள்ளே விழக் கட்டைவிரல் நகத்தை அடியில் பிடித்து, குழாய்க்குள் பார்த்தேன். பிறகு ஆரம்பித்தேன். கட்டையில் விரிசல். குழாய்க்குள் துரு. குறிமுள் லேசாகச் சாய்ந்திருக்கிறது. வார் மாட்டும் வளையத்தைக் காணோம். எனக்குத் தெரிந்த உடைந்த இந்தியில் அடுக்கிக்கொண்டே போனேன். “நூற்றைம்பது திர்ஹாம் கொடுக்கலாம்” என்று முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அர்பாப் காவாக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கிழவருக்கு அவரே அரபியில் எதையோ சுருக்கமாகச் சொன்னார். கிழவர் கோபப்படவே இல்லை. இந்தியாக்காரன் சொல்வது சரி என்பதுபோலத் தலையசைத்து, நூறு போதும் என்றார். கடையில் இருப்பதால் எண்கள் மட்டும் எனக்கு அரபியில் அத்துபடி. விற்கிறவர் ஏன் இறங்குகிறார்? அதைவிடக் குழப்பம், வாங்குகிற அர்பாப் உடனே “ஐநூறு” என்றார். கிழவர் கையை உதறி, மாஃபி, மாஃபி, வேண்டவே வேண்டாம் என்றார். யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்றே தெரியாமல் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அர்பாப் என் பக்கம் திரும்பினார். “டீக் ஸே தேக்கோ.” சரியாகப் பார்.

சரி, நொட்டம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி தேடி, போல்ட்டும் ஆடுகிறது என்றேன்.

அவர் கண்ணில் கோபம் வந்தது. லீவு போச்சு. பிள்ளை முகத்தை இனி போட்டோவில்தான் பார்க்க வேண்டும். “டீக் ஸே தேக்கோ” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பினேன். போல்ட்டுக்குக் கீழே இரும்புப் பட்டையில் ஒரு கிரீடம், அதற்கடியில் இங்கிலீஷில் நம் நாட்டுத் தொழிற்சாலையின் பெயர். நான் கல்லூரியில் தூக்கிச் சுமந்த துப்பாக்கியிலும் இதே முத்திரைதான். “அர்பாப், இது எங்க ஊர்ல செஞ்சது! இந்தியாவுல செஞ்சது!” என்று என்னையறியாமல் தமிழில் கத்திவிட்டு, பிறகு இந்தியில் சொன்னேன். நிஜமான சந்தோஷம் அது. இந்த மலைக்காட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் யாருக்குத்தான் பூரிப்பு வராது?

அர்பாப் துள்ளி எழுந்தார். கிழவரிடம் படபடவென்று ஏதேதோ சொன்னார். என் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னார். கடைசியில் “ஆயிரம்” என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கிழவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். என் பல்லெல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. மெதுவாக “கலாஸ்”, முடிந்தது, என்று நோட்டுகளை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அர்பாப் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வண்டி ஓட்டினார். மகன் கல்யாணத்தில் ஆண்களெல்லாம் துப்பாக்கியைச் சுழற்றி ஆடினார்கள். எங்கள் துப்பாக்கி மட்டும் ஸ்டோரில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. ஆயிரம் கொடுத்து வாங்கியதை இப்படியா போடுவார்கள்? பணக்காரன் புத்தி யாருக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணம் முடிந்த வாரம் அந்தக் கிழவர் ஒரு பிக்கப்பில் கடைக்கு வந்தார். கிணற்றுக்கு ஒரு பம்ப் வேண்டும் என்றார். அரபியில் அவர் பம்பைப் பற்றி அடுக்கியது அத்தனையும் நொட்டம்தான் என்று கைவிரலைப் பார்த்தே தெரிந்தது. பெயிண்ட் உரிந்திருக்கிறது, குழாய் வாய் சின்னது. என் அப்பாவே எழுந்து வந்ததுபோல இருந்தது. அர்பாப் ஒவ்வொன்றுக்கும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். பம்பைத் தூக்கி ஏற்றும்போதுதான் காய்ந்த பேரீச்சமரங்களும் அந்தக் கிணறும் என் நினைவுக்கு வந்தன. ஆனாலும் முழுதாகப் பிடிபடவில்லை. எனக்கு எதுவும் ஒரே தடவையில் மண்டையில் ஏறாது.

மறுநாள் அர்பாப் என்னை அழைத்து பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். லீவு. கண் கலங்கிவிட்டது. நகரப் போனவனை நிறுத்தி, ஸ்டோர் மேஜைமேல் இருந்த என் அலாரம் கடிகாரத்தைக் காட்டினார்.

“அதை எனக்கு விற்கிறாயா? என்ன விலை?”

“இதுவா அர்பாப்? இது ரொம்ப ஸ்லோ. கண்ணாடி கீறல். மணியும் சில நேரம் அடிக்காது” என்றேன்.

“டீக் ஸே தேக்கோ” என்றார்.

எடுத்துப் பார்த்தேன். கீறல் அப்படியேதான் இருந்தது. மேஜையில் நான் திருப்பி வைத்த பெருநாள் நோட்டுகள் நினைவுக்கு வந்தன. கடிகாரத்தைத் திருப்பி, முதுகிலிருந்த எழுத்தைக் காட்டினேன்.

“இந்தியாவில் செய்தது, அர்பாப்.”

“அப்படிச் சொல்” என்று பாக்கெட்டில் கை விட்டார். டிக்கெட்டின் மறுபாதி சேர்ந்துவிட்டது.

மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றிருந்தேன். லீவு முடிந்து திரும்பி வந்தபோது, சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கிக்குப் பக்கத்தில் என் கடிகாரம் இருந்தது. யாரும் அதற்குச் சாவி கொடுத்திருக்கவில்லை.