அந்தோணி சாரின் தோசைக்கல்

போன வாரம் ஸ்டாஃப் ரூமையே சிரிக்க வைத்தவன் நான்தான்.

மேடு ஏறும்போது லேசாக மிதிக்கலாமென்று, அந்தோணி சார் தன் கியர் சைக்கிளின் பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டியிருந்தார்.

"என்ன சார், தோசைக்கல்ல மாட்டி வச்சிருக்கீக?" என்றேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இன்று காலை இருவரும் சைக்கிளில் கம்பம்மெட்டு மலைச்சாலை ஏறினோம். நான் முந்திப் போனேன். மூன்றாவது வளைவில், என் சின்னப் பல்சக்கரத்தை மிதிக்கத் தொடையில் தெம்பில்லை. இறங்கி நின்றேன்.

அவர் நிதானமாக மிதித்து வந்து சேர்ந்தார். "ஏன் சார் நின்னுட்டீக? வண்டியில கோளாறா?"

"செயின் மக்கர் பண்ணுது சார்." வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

மனிதர் ரோட்டிலேயே முட்டி போட்டு, செயினைக் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிய ஜீப்புகள் எங்களைத் தாண்டிப் போயின. அவர் கையெல்லாம் கிரீஸ்.

"செயின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். "வாங்க, ரெண்டு பேருமே தள்ளிக்கிட்டுப் போவோம்."

மிதித்தே ஏறக்கூடியவர், உச்சி வரைக்கும் என்னோடு தள்ளிக்கொண்டே வந்தார்.

கம்பத்தில் எந்தக் கடையில் தோசைக்கல் மாட்டுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவரிடமே கேட்கலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?