நாற்பது தேயிலைச் செடிகளும் ஒரு கல்வி அமைச்சரும்

சவரிமுத்து இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். சீருடைத் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சேர், நம்ம பழைய மினிஸ்டர் மவுத்தாகிட்டாராம்" என்றார். துணியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. அவரும் அழுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்படுகிற ஆள்தான்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கணித ஆசிரியராகி, மாகாணக் கல்வி அமைச்சராக ஒரே ஒரு தவணை இருந்தவர். குறை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். மேடை கிடைத்தால் விடமாட்டார். கழுத்து மாலை வாடும்வரை பேசுவார். ஆனால் மறுநாள் காலையில் கோப்பைத் தானே சுமந்துகொண்டு அதிகாரியின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். அமைச்சர் இப்படிச் செய்யலாமா என்று ஒருமுறை கேட்டேன். "ஃபைலுக்குக் கால் இல்லீங்க மாஸ்டர். நாமதான் தூக்கிட்டு நடக்கணும்" என்றார்.

அப்போது நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் அதிபர். உயர்தர வகுப்புக்குக் கட்டடம் கேட்டோம். பின்னால் இருந்த தேயிலை நிலத்தைத் தருவதாகத் தோட்ட நிர்வாகம் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டிருந்தது. அவரோ பாடசாலை மேடையிலேயே, காணி கிடைத்துவிட்டது, வேலையைத் தொடங்குங்கள் என்று அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாகக் கூடிச் செடிகளைப் பிடுங்குவது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள்.

சனிக்கிழமை மாலை எனக்குப் போன் செய்தார். கம்பெனியின் கடிதம் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை, ஒரு செடியிலும் கை வைக்க வேண்டாம் என்றார். சரி என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கூட்டம் கலைந்தால் மறுபடி கூடாது என்று பயந்தேன். பிடுங்கிய பிறகு நிலத்தை யார் திருப்பிக் கேட்கப்போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

நாற்பது செடிகள் போயின. தோட்டத்தில் வேறு எதையும் பேசித் தீர்க்கலாம். தேயிலையில் கை வைத்தால் தீராது. திங்கள் காலை பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பிடுங்கியவர்களில் எட்டுப் பேருக்கு இனி வேலை இல்லை என்றார்கள். பொலிஸுக்கு முறைப்பாடும் போனது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும்.

அன்று பின்னேரமே அமைச்சர் தோட்ட அலுவலகத்துக்கு வந்தார். யார் பிடுங்கச் சொன்னது என்று தோட்ட மேலாளரான துரை கேட்டார். எட்டுப் பேரும் நின்றார்கள். நானும் நின்றேன். அமைச்சர் என்னை ஒருதடவை பார்த்தார்.

"நான்தான் சொன்னேன். மேடையில சொன்னதை எல்லாரும் கேட்டாங்க. என் பேரை எழுதிக்கிட்டு இவங்களை வேலைக்கு விடுங்க."

முறைப்பாட்டை விசாரிக்க வந்திருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். அமைச்சர் கையெழுத்துப் போட்டார்.

எட்டுப் பேரும் மறுநாள் வேலைக்குப் போனார்கள். தேயிலை பிடுங்கிய அமைச்சர் என்று எதிராளிகள் தேர்தல்வரை பேசினார்கள். கட்சி அவருக்கு மறுபடி இடம் கொடுக்கவில்லை. பின்னர் எத்தனையோ முறை சந்தித்தோம். அந்தப் போனைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்கு அந்த எட்டுப் பேரில் ஒருவரான ராமசாமி வந்திருந்தார். "ஐயா அன்னைக்கு மேடையில அவசரப்படாம இருந்திருந்தா, அப்பறமும் மினிஸ்டரா இருந்திருப்பாரு. இல்லீங்களா சேர்?" என்றார். நான் தலையாட்டினேன். கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் தலையாட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

அவரை அறிந்தவர்களே, கடிதம் பிறகு வந்தது, கட்டடமும் எழும்பியது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் சுமந்த என் தவறு. இனிமேலாவது அதை நானே சுமக்கிறேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அதை உங்களிடம் சொல்லாமல் மறைத்தது நான்.