மடி என்று பெயர் பெற்ற பயம்

வலியசாலை அக்கிரகாரத்தில் நீலாம்பாளின் மடிக்குத் தனி மதிப்பு இருந்தது. விடியலில் குளித்து, பிறர் கை படாமல் உயரக் கொடியில் உலர்த்திய புடவையைக் கோலால் எடுத்து உடுத்தி, சமையல் முடியும்வரை ஒருவரையும் தொடாமலிருப்பது அந்தத் தெருவில் இன்றும் சில வீடுகளில் உண்டு. மற்றப் பெண்களுக்கு அந்த மடி சாப்பாட்டோடு முடிந்துவிடும். கை அலம்பியதும் பக்கத்து வீட்டுக்காரியின் தோளைத் தட்டிச் சிரிப்பார்கள், பேப்பரைப் பிரிப்பார்கள். நீலாம்பாளுக்கு மட்டும் அது முடிவதே இல்லை. பிற்பகலில் தபால்காரர் தொட்ட தாழ்ப்பாளைக் கழுவுவாள். தாழ்ப்பாளைக் கழுவிய கையைக் கழுவுவாள். குழாயைத் திருகி மூடியதால் கை மறுபடியும் கெட்டுவிட்டதென்று தோன்றும்.

தெரு அதைக் கண்டு வியந்தது. சிராத்தச் சமையலுக்கு அவளையே வருந்தி அழைத்தது. நீலாம்பாள் மாதிரி யாரால் முடியும் என்று பெரியவர்கள் தங்கள் மருமகள்களுக்கு எடுத்துக்காட்டினார்கள். அவளுடைய விரலிடுக்குகள் வெடித்து ரத்தம் கசிந்ததையும் பார்த்தார்கள். அதையும் புகழோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அதன் தொடக்கம் வேறு. மகன் மஹேஷ் சிறு பிள்ளையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் கண்டு நினைவிழந்து கிடந்தான். எங்கிருந்து தொற்றியது என்று டாக்டரால் சொல்ல இயலவில்லை. பிள்ளை பிழைத்து வந்தான். ஆனால், அந்த 'எங்கிருந்து' என்ற கேள்வி அவளைவிட்டுப் போகவில்லை. ஒருவேளை என் கையிலிருந்துதானோ என்று ஒருநாள் தோன்றியது. நெஞ்சு படபடத்தது, மூச்சு மேலே ஏறி நின்றது. போய்க் கையைக் கழுவினாள், படபடப்பு அடங்கியது. மறுநாள் அதே எண்ணம் சற்றுப் பலமாக வந்தது. இன்னும் சற்று அதிகமாகக் கழுவினாள். கழுவாமல் விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவசியமும் நேரவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லோரும் அதற்கு மடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கணவர் சுப்பு தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேனேஜர். நாளெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சாவி கொடுத்து, அவர்களிடமிருந்து சாவி வாங்கும் வேலை. மாலையில் அவர் முன்வாசல் வழியாக வருவதில்லை. கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் சட்டையைக் களைந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டபிறகே உள்ளே நுழைவார். "களியக்காவிளை பார்டர் செக் போஸ்டுல கூட லாரிக்காரனை இவ்வளவு சோதிக்க மாட்டான்" என்பார். குரலில் கசப்பு இராது. மனைவியிடம் எதையும் கையில் கொடுக்கமாட்டார். காய்கறிப் பையானாலும், அவள் விரல்களுக்கென்று வாங்கிவந்த தேங்காயெண்ணெய் பாட்டிலானாலும், தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குவார். அவள் எடுத்துக்கொள்வாள். அவளுடைய மடிக்குத் தன்னால் குறை வரக்கூடாது என்பதே அவர் அவளிடம் காட்டிய அன்பு. அந்த அன்பு பயத்துக்குக் காவல் நின்றது என்பதை இருவரும் அறியவில்லை.

சென்ற மழைக்காலத்தில் லாட்ஜின் கவுண்டரிலேயே சுப்பு சரிந்து விழுந்தார். பக்கவாதம், இடப்பக்கம் அசையவில்லை. நாக்கும் குழறியது. கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த மஹேஷ், அப்பா உன்னைத்தான் தேடுகிறார் என்றான். நீலாம்பாள் ஆட்டோவில் கிளம்பினாள். ஆஸ்பத்திரியின் வாசலில், சக்கர நாற்காலிகளையும் கூட்டத்தையும் எல்லோரும் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவையும் கண்டாள். இறங்கவில்லை. ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வாசல்வரைகூடப் போக முடியவில்லை.

மஹேஷ் கொல்லைக் கதவருகே வந்து நின்றான். குளிக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை.

"அப்பாவைவிட உன் மடி பெரிசா போச்சு, இல்லையாம்மா?"

அவள் அவன் செருப்பைப் பார்த்தாள்.

"மடி இல்லடா. பயம். உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயம். நீ ஜுரமாக் கிடந்தியே, அப்பலேர்ந்து."

அவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் மடியைச் சொல்லிப் பள்ளியில் பெருமை பேசியவன் அவன். தன்பொருட்டு அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பதை அன்றுதான் கேட்டான்.

மறுநாள் அடுத்த வீட்டு ராஜஸ்ரீ, கரமனையில் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கும் மனநல மருத்துவர் ஸ்ரீலட்சுமியிடம் அவளை அழைத்துச் சென்றாள். அந்த அம்மாள் மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். கழுவினால் பயம் அடங்குவது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை கழுவும்போதும், ஆபத்து மெய்யானதுதான் என்று நீங்களே பயத்திடம் ஒப்புக்கொள்கிறீர்கள். அது இன்னும் பெரிதாகத் திரும்பி வருகிறது என்றார். ஒரு மாத்திரை எழுதினார். அதைக் காட்டிலும் முக்கியமென்று ஒரு பயிற்சியைச் சொன்னார். குறைவாகப் பயம் தரும் பொருளில் தொடங்கித் தொட வேண்டும். தொட்டபின் கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படபடப்பு ஏறும், ஏறட்டும். அதை விரட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். தண்ணீரின் உதவியில்லாமல் அது தானே இறங்குவதை உடம்பு ஒருமுறை கண்டுகொண்டால் போதும்.

முதலில் தாழ்ப்பாள். தொட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். மஹேஷ் எதிரில் உட்கார்ந்து, மாமா வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் தீய்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கதை முடிவதற்குள் அவள் எழுந்து குழாயடிக்கு ஓடிவிட்டாள். மறுமுறை கதை முடிந்தது, அவள் ஓடவில்லை. பிறகு பஸ்ஸின் கம்பி, கடைக்காரர் கை மாறிய சில்லறை. எல்லாவற்றுக்கும் பிறகு, சுப்பு விழுந்த அன்று உடுத்தியிருந்த, துவைக்காத சட்டை. அதை வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தாள். பயம் ஏறியது, இறங்கியது. இறங்கியபின் அழுகை வந்தது. சட்டையில் அவருடைய வேர்வை மணத்தது. அந்த மணத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

ஆனால், அவள் பயத்திடமிருந்து ஒவ்வொரு படியாக மீண்டுகொண்டிருந்த வாரங்களில் சுப்புவின் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அவள் கண்ணாடிக் கதவைத் தன் கையாலேயே தள்ளித் திறந்துகொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது அவர் பாதியாகியிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தின் வலப்பக்கம் மட்டும் மலர்ந்தது.

அவள் கட்டிலருகே குனிந்து அவருடைய வலக்கையைப் பற்றினாள். அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"மடி... போயிடும்" என்றார் குழறலாக.

"போனாப் போகட்டும்" என்று மறுபடியும் பற்றினாள்.

அதன் பிறகு தினமும் போனாள். அவர் அரைத் தூக்கத்தில் இருக்கும்போதுகூட, அவள் விரல் பட்டதும் அந்தக் கை பழக்கத்தால் விலகும். அவள் காத்திருந்து மீண்டும் பிடிப்பாள். வீடு திரும்பியதும் கையைக் கழுவ மனம் அரிக்கும். சில நாள் வென்றாள், சில நாள் தோற்றாள். கடைசி நாளில் அந்தக் கை விலகவில்லை. பழகிவிட்டாரா, இழுத்துக்கொள்ள வலுவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடித்தபடியே இருந்தாள். பிறகு நர்ஸ் வந்து மெல்ல விடுவித்தாள்.

சுப்புவை மயானத்துக்கு எடுத்துச்சென்றபின், வழக்கப்படி தீட்டுக் கழியப் பெண்கள் கிணற்றடியில் குளித்தார்கள். எந்தக் குளியலுக்கும் முந்திக்கொள்ளும் நீலாம்பாள் அன்று கூடத்து மூலையில் வலக்கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, எல்லாருக்கும் ஆச்சு. குளிக்க வாங்கோ" என்றாள் ராஜஸ்ரீ.

"இரு. இந்தக் கை கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

ராஜஸ்ரீ ஈரப்புடவையோடு வாசற்படியில் காத்துநின்றாள். கிணற்றடியில் பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வெகுநேரம் கழித்து நீலாம்பாள் எழுந்து போனாள். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டாள். இரண்டாவது வாளிக்குக் கயிற்றை எடுத்தவள், எடுத்த கயிற்றை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.