துரையின் நாற்காலியில் கேட்ட பாட்டு

எங்கள் தேயிலை எஸ்டேட் துரையை எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் ஆபீசில் என் வேலையை நிரந்தரமாக்க அவர் கையெழுத்து வேண்டும். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஞாயிறு மதியம் அவர் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டதும் போனேன்.

புதிதாக வாங்கிய சிடி பிளேயரைப் பழையதோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். இரண்டுமே விலை உயர்ந்தவை. ஸ்பீக்கர்களுக்கு எதிரே, நடுவில் இருந்த நாற்காலியில் துரை உட்கார்ந்துகொண்டு என்னைக் கதவோரம் நிறுத்தினார். லைன் வீடுகளில் இருக்கும் எங்களைப் போன்ற கூலிக் குடும்பத்தார் பங்களாவில் உட்காருவதில்லை. என் அப்பாவும் அங்கே நின்றவர்தான்.

ஒரே பாட்டை இரண்டிலும் போட்டார்.

"எப்படிடா? புதுசுல பாடுறவன் ஹால்லயே இருக்கிற மாதிரி இல்ல? தானா ராத்தா டவுன்லயே எவன்கிட்டயும் இது கிடையாது."

"இங்கேருந்து ஒரு ஸ்பீக்கர்தான் கேக்குது துரை. நடுவுல உக்காந்தாதான் சொல்ல முடியும்."

"படிச்ச திமிருடா இது," என்று எழுந்தார்.

உட்கார்ந்தேன். புதியதில் சத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ரிமோட்டை எடுத்து இரண்டையும் ஒரே அளவில் வைத்து மறுபடி கேட்டேன். வித்தியாசமே தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் துரை. புதுசு கொஞ்சம் சத்தமா பாடுது, அவ்வளவுதான்."

"லைன்ல ரேடியோ கேட்டு வளந்த காதுக்கு என்னடா தெரியும்? எந்திரி! நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராத. கொழுந்து மூட்டை தூக்கப் போ."

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.