பனிக்குழிக்குள் ஓர் அகல்

போன வருடம் கார்த்திகை தீபத்தன்று நான் நார்வேயில், மகள் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி மலையடிவாரத்து வேங்கிக்காலுக்கு வந்ததிலிருந்து ஒரு வருடம்கூட மலைதீபத்தைத் தவறவிட்டதில்லை. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று மகள் அந்த வாரமாகப் பார்த்து வரவழைத்துவிட்டாள்.

மதியம் ஊரிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். "மலையில தீபம் ஏத்திட்டாங்க, நீயும் ஏத்திடு" என்றார். எங்கே ஏற்றுவது? அந்த வீட்டில் ஊதுவத்தி புகைந்தாலே அலாரம் ஊரைக் கூட்டும். மகளோ, "வாம்மா, இங்கயும் மலைக்குக் கூட்டினு போறேன், துருவ ஒளின்னு வானத்துலயே வெளிச்சம் தெரியும்" என்று கிளப்பினாள். அகல், திரி, எண்ணெய் எல்லாவற்றையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டேன்.

உச்சிவரை கார் போனது. மதியம் தாண்டியதுமே அங்கே இருட்டிவிட்டது. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வைக்கும் குளிர். வானத்தில் சாம்பல் பூசினாற்போல ஏதோ தெரிந்தது. அதுவே மகளின் போன் கேமராவில் பச்சையாம்! "கண்ணுக்குத் தெரியாததப் பாக்கவா இவ்ளோ தூரம்?" என்று எரிந்து விழுந்தேன்.

பொறுமை போய், பனியில் அகலை வைத்து ஏற்றினேன். அவ்வளவுதான், வானம் பார்க்க வந்திருந்த கூட்டம் நாலு பக்கமும் சத்தம் போட்டது. கீழே வெளிச்சம் இருந்தால் வானம் சரியாகத் தெரியாதாம்.

"அம்மா, மானத்த வாங்காத, அணைச்சிடு."

"தீபத்தன்னிக்கு என் கையால அணைக்க மாட்டேன்!"

எங்கள் ஊரில் மலையில் வெளிச்சம் தெரிந்தால் தெருவெல்லாம் விளக்கேற்றுவோம். இங்கே வெளிச்சத்தைப் பார்க்க விளக்கை அணைக்கச் சொல்கிறார்களே என்று அழுகையே வந்துவிட்டது. அகலைக் கோட்டால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் போட்டவர்களில் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மகள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் மண்டியிட்டு, முழங்கை ஆழத்துக்குப் பனியைத் தோண்டி, அகலை உள்ளே வைக்கச் சொல்லிக் கைகாட்டினாள். வைத்தேன். எட்டிப் பார்த்தால் மட்டுமே சுடர் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் வானம் நிஜமாகவே பச்சையாக அசைந்தது. என்னையும் அறியாமல் "அரோகரா!" என்று கத்திவிட்டேன்.

"இப்பவாவது கோவம் போச்சாம்மா?"

போகவில்லை. கால் விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது.

விளக்கா, வானமா என்று நாங்கள் மல்லுக்கு நின்ற இடத்தில், இரண்டையும் காப்பாற்ற அந்தப் பெண்ணுக்கு ஒரு குழி போதுமாக இருந்தது. இன்றும் வீட்டில் யாரோடாவது முறைத்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், பனி தோண்டிய அந்தக் கைகள் கண்முன் வந்து என் வாயை அடைத்துவிடுகின்றன.