கருப்பட்டி வைத்துப் பார்த்த விளக்கு

பாளையங்கோட்டை எலக்ட்ரீஷியன் இஸ்ரவேல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் இறந்தார். அடக்கம் முடிந்து அவருடைய பையைத் திறந்தார்கள். டெஸ்டர், குறடு, மடக்கு அளவுகோல், ஒரு வட்டு உடன்குடிக் கருப்பட்டி. கருப்பட்டியின் ஒரு பக்கம் உருகி வழிந்து இறுகியிருந்தது. தின்பதற்கு வைத்ததல்ல, அவருக்குச் சர்க்கரை வியாதி.

அது உருகியது முந்தின வருஷம், மேலப்பாளையத்தில்.

முகம்மது இப்ராஹிம் அங்கே துணிக்கடை திறக்க இருந்தார். எட்டடி அகலக் கடை. முக்கால்வாசி நீளத்துக்குத் தலைக்கு மேலே பலகைப் பரண். பரண் நிறையத் துணி மூட்டை. அதன் அடியில் பிளைவுட் கூரை அடித்தாயிற்று. பல்பைத் தொங்கவிட்டால் வருகிறவர் நெற்றியில் இடிக்கும். கூரைக்குள்ளேயே பதித்துவிடும் விளக்குதான் வேண்டும். பலகைக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே இருந்த இடம் நான்கு அங்குலம்.

இப்ராஹிமின் கவலை வேறு. அவருடைய பழைய கடையில் டியூப்லைட். மெரூன் அதில் கறுத்துத் தெரியும். பெண்கள் துணியைத் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்குள் நுழைவார்கள். அந்தக் கடையை மூடியது அப்படித்தான். இதுவும் போனால் மறுபடி சவூதிக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

இஸ்ரவேல் மூன்று விளக்குகளைத் தரையில் வைத்தார். முதலாவது ரிஃப்ளெக்டர் பல்பு. டப்பாவோடு ஏழு அங்குலம். அளந்தார், எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். இரண்டாவது சிஎஃப்எல், படுக்கவைத்து மாட்டினால் மூன்றரை அங்குலத்தில் அடங்கும்; ஆனால் நிறம் டியூப்லைட் மாதிரிதான். மூன்றாவது மதுரையிலிருந்து வரவழைத்த ஹாலஜன். எலுமிச்சம்பழ அளவுதான். அதைப் போட்டதும் மெரூன் மெரூனாக நின்றது.

இப்ராஹிம் அதனடியில் உள்ளங்கையை நீட்டினார். "சூடே இல்லையே வே! பூரா இதையே போட்டுருவோம்."

"முன்னால சுடாது பாய். வெளிச்சத்தக் கீழ அனுப்பிட்டு, சூட்டப் பின்னால தள்ளுது. மேல என்ன வச்சிருக்கீங்க?"

"துணி."

"அப்பம் பொறுங்க."

மிச்சப் பிளைவுட்டில் நான்கு அங்குல உயரப் பெட்டி ஒன்று அடித்தார். ஹாலஜனை அதில் பதித்தார். பக்கத்தில் கருப்பட்டியை வைத்து மூடினார். பங்குனி வெயிலுக்கு அசையாத கருப்பட்டி. அவரிடம் இருந்த தெர்மாமீட்டர் அதுதான்.

முக்கால் மணி நேரம் மூன்று பேர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் இப்ராஹிமின் மனைவி மைதீன் பாத்திமா. மூக்கை உறிஞ்சினார். "அண்ணாச்சி, பாயாசமா வைக்கீங்க?"

பாகு வாசனை வந்துவிட்டது. மூடியை எடுத்தால், கருப்பட்டியின் ஒரு பக்கம் வழிந்து பலகையில் ஒட்டியிருந்தது. அடுத்து சிஎஃப்எல்லைப் படுக்கவைத்து, கருப்பட்டியின் மறுபக்கத்தைக் காட்டி இன்னொரு முக்கால் மணி. அசையவில்லை.

"கருப்பட்டி இளகுத இடத்துல துணிமூட்டய வைக்க நான் விட மாட்டேன் பாய்."

"அப்பம் நெறம்? எதுத்த கடைக்காரனுக்கு நானே ஆள் அனுப்பணுமா?"

இஸ்ரவேல் குனிந்து பெட்டியின் ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார்.

பாத்திமா கணவரைப் பார்த்தார். "வாரவளுவ கடை பூராவுமா நெறம் பாக்குதாளுவ? உள்ள எடுக்குதாளுவ, வாசலுக்குக் கொண்டுபோயில்லா பாக்குதாளுவ. வாசல்ல போடச் சொல்லுங்களேன்."

இஸ்ரவேல் நிமிர்ந்தார். வாசலை ஒட்டிய நாலடிக்குப் பரண் இல்லை. பிளைவுட்டுக்கு மேலே மூன்றடி வெற்றிடம், அப்புறம் கான்கிரீட். முப்பது வருஷம் கூரையை அளந்தவர்; கீழே யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்ததில்லை.

வாசலில் நான்கு ஹாலஜன், சூடு வெளியேறத் துளைகள், கீழே ஒரு மேசை. உள்ளே முழுக்க சிஎஃப்எல். வாசல் கூரைக்குள்ளும் கருப்பட்டி ஏறி, இளகாமல் இறங்கியது. எறும்பு இறங்கத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

கடை திறந்த அன்று கொக்கிரகுளத்து டீச்சர் ஒருவர் மெரூன் துணியை எடுத்தார். மேசையில் விரித்தார். திருப்பிப் பார்த்தார். அப்புறம் துணியோடு தெருவுக்கே இறங்கிவிட்டார்.

இஸ்ரவேல் விளக்கைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தார். டீச்சர் வெயிலில் துணியைப் பிடித்தார். எதிர்க்கடையை ஒரு தடவை பார்த்தார். திரும்பி வந்து துணியை மேசையில் போட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. மூணு மீட்டர் வெட்டுங்க."

இப்ராஹிம் கத்தரிக்கோலைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.